சிட்டையில் ஏறாத செலவு

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிகள் புதிதாக ஆய்விதழ் தொடங்கும்போது, வரும் கட்டுரைகளைத் துறையறிந்த பிறரிடம் அனுப்பிக் கருத்துரை பெறும் மதிப்பீட்டுப் பணிக்கென்று தனியே ஓர் ஆளையும் ஒரு தொகையையும் ஒதுக்கியாக வேண்டும் என்று சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுள் ஆறினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடியில் ஒரு காலாண்டு ஆய்விதழின் நிர்வாக ஆசிரியராக 22 ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இதில் எனக்குப் பற்று அதிகம். முதல் பதில் நீண்டுவிட்டது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். மதிப்பீட்டாளர்கள் ஊதியம் வாங்குவதில்லை, இதழ் நடத்தும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது, அச்சடிக்கப் போவதுமில்லை. அப்படியிருக்க மதிப்பீட்டுக்கு எதற்குப் பணம் என்று எங்கள் செயலர் கேட்கிறார். அவருக்கு என்ன விடை சொல்வது?
– உதவிப் பேராசிரியர், தேவகோட்டை

பதில்: உங்கள் செயலர் சொல்வதில் பிழை ஒன்றுமில்லை. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருளைக் கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் 2001 முதல் இலவசமாகவே தந்துவருகிறது. இதழுக்குரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். வழங்குவதற்கு டில்லியிலுள்ள தேசிய மையம் கட்டணம் வாங்குவதில்லை. படித்துக் கருத்துரை எழுதித் தரும் பேராசிரியரும் பணம் கேட்பதில்லை. ஆனால், அவர் கையில் கட்டுரை போய்ச் சேர்வதற்கும் அவரிடமிருந்து கருத்துரை திரும்பி வருவதற்கும் இடையில் ஒருவர் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலையை இலவசமாகச் செய்வதாகத் தோன்றுபவர், உண்மையில் தம் வகுப்பு நேரத்திலிருந்தோ வீட்டு நேரத்திலிருந்தோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வேலை என்னவென்று செயலருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கட்டுரை வந்தவுடன் அது இதழின் துறைக்குள் அடங்குகிறதா, படங்களும் அட்டவணைகளும் முழுமையாக உள்ளனவா, எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, பிறர் எழுத்து எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையை எடுக்க வேண்டும். அறிக்கை தரும் விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது, மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்து எண்ணிக்கையை உயர்த்தியிருக்கின்றனவா என்று ஒருவர் வரிவரியாகப் படித்தாக வேண்டும். அதன் பின்னர்தான் மதிப்பீட்டாளரைத் தேடும் படலம் தொடங்குகிறது. பொருளறிந்தவராக இருக்க வேண்டும், கட்டுரையாளருடன் அண்மையில் சேர்ந்து எழுதியவராக இருக்கக் கூடாது, கட்டுரையாளருடைய கல்லூரித் துறையிலேயே பணியாற்றுபவராகவும் இருக்கக் கூடாது, அவருடைய மின்னஞ்சல் முகவரி மாறாமலும் இருக்க வேண்டும். கடிதம் போனால் பாதிப் பேரிடமிருந்து விடையே வராது. ஒப்புக்கொண்டவர்களில் சிலர் உரிய நாளில் அனுப்புவார்கள்; மற்றவர்களுக்கு நினைவூட்ட வேண்டும், அதுவும் அவர்கள் மனம் கோணாதபடி. எங்கள் இதழில் ஒரு கட்டுரைக்குப் பதினொரு பேரைக் கேட்ட பிறகு இரண்டு கருத்துரை கிடைத்தது உண்டு. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்ததால் பன்னிரண்டாவது ஆளைத் தேடினோம்.

இதைத் தொகையாக்கிக் காட்டினால்தான் செயலர் ஏற்பார் என்று நினைக்கிறேன். ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஆண்டுக்கு 200 கட்டுரைகள் வந்து 40 வெளியாகும் இதழ் ஒன்றை வைத்துக்கொள்வோம். தொடக்கச் சரிபார்ப்புக்குக் கட்டுரைக்கு முக்கால் மணி நேரம் என்றால் 150 மணி நேரம் ஆகிறது. ஒப்புமை அறிக்கையைப் படிக்க 20 நிமிடம் வீதம் ஏறத்தாழ 67 மணி நேரம். இவற்றில் பாதியை ஆசிரியர் குழுவே திருப்பி அனுப்பிவிட, மீதி 100 கட்டுரைகளுக்குத் தலா இரண்டு கருத்துரை வேண்டும். கேட்பவர்களில் மூன்றில் ஒருவர்தான் ஒப்புக்கொள்கிறார் என்றால் 600 அழைப்புகள் எழுத வேண்டும். ஆளைத் தேடி எழுதப் பத்து நிமிடம் என்று மிகக் குறைத்து வைத்தாலும் அதற்கு 100 மணி நேரம். ஒவ்வொரு கருத்துரைக்கும் இரண்டு நினைவூட்டல் என்ற கணக்கில் 33 மணி நேரம், முடிவுக் கடிதத்துக்கும் திருத்திய படியைச் சரிபார்ப்பதற்கும் 100 மணி நேரம், "என் கட்டுரை என்ன ஆயிற்று" என்று வரும் கடிதங்களுக்கு விடை எழுத இன்னொரு 100 மணி நேரம். ஆக மொத்தம் 550 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி நேரம் வீதம் இது ஏறத்தாழ 79 வேலைநாள். ஆசிரியர் குழு கட்டுரையைப் படித்து முடிவெடுக்கும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் 25 நாள் வேலை செய்யும் ஓர் அலுவலக உதவியாளர் இதைச் செய்தால், 78,500 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். வெளியாகும் ஒரு கட்டுரைக்கு ஏறத்தாழ 1,960 ரூபாய். இதே வேலையை மாதம் ஒரு லட்சம் வாங்கும் பேராசிரியர் தம் அறையில் உட்கார்ந்து செய்தால் அது நான்கு மடங்காகி மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. செலவே இல்லை என்று செயலர் கருதும் ஏற்பாடு இந்த இரண்டாவது ஏற்பாடுதான். இரண்டிலும் கூடுதல் செலவு அதில்தான் ஆகிறது; தனியே ஒரு பற்றுச்சீட்டு வராததால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இன்னொன்றையும் அவர் கவனிக்க வேண்டும். உழைப்பு 200 கட்டுரைகளுக்கும் நடக்கிறது, வெளியில் தெரிவதோ 40 மட்டும். திருப்பி அனுப்பிய 160 கட்டுரைகளின் செலவையும் அந்த 40 கட்டுரைகளே சுமக்கின்றன. தரத்தை உயர்த்தி 20 கட்டுரை மட்டுமே வெளியிடுவோம் என்று முடிவெடுத்தால் செலவு குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய அப்படியே நிற்க, ஒரு கட்டுரையின் மேல் விழும் பங்கு இருமடங்காகிறது. கண்டிப்பான இதழ்களின் செலவு கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

கையிலிருந்து பணமாகப் போகும் செலவுகளும் உண்டு. கட்டுரைகளுக்கு நிலையான இணைய அடையாள எண்ணைப் பதிந்து தரும் கிராஸ்ரெஃப் நிறுவனத்தில் ஆண்டுச் சந்தாவும், புதிய கட்டுரை ஒன்றைப் பதிய 1 டாலரும் கட்ட வேண்டும். ஒப்புமை காணும் மென்பொருளுக்கு உரிமம், சர்வர் வாடகை, மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுக்க ஓர் ஆள் ஆகியவையும் தேவை. இவற்றுக்குப் பற்றுச்சீட்டு வருவதால் எந்தக் கல்லூரியிலும் வாதம் எழுவதில்லை.

என் அப்பச்சி சிறுவயதில் பர்மாவின் மோல்மீனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் சிறுவனாக, இருந்தவர். அன்றன்றைக்குப் போன கடிதத்தின் தபால் செலவைக் கூட அன்றாடக் கணக்கேடான சிட்டையில் ஏற்றிவிட்டுத்தான் மேலாள் எழுந்திருப்பார் என்று சொல்வார். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில், ஆண்டுக்கு 550 மணி நேரம் எந்த ஏட்டிலும் ஏறாமல் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வாளர். ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. "மதிப்பீட்டில் உள்ளது" என்பதைத் தவிர வேறு செய்தி இல்லை. இவ்வளவு நாள் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?
– ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: பெரும்பாலும் உங்கள் கட்டுரையை ஒருவரும் படித்துக்கொண்டிருக்கவில்லை, படிக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் படித்துக் கருத்தெழுதச் சில மணி நேரம் போதும். அழைப்புக்கு விடை வரப் பத்து நாள், மறுப்பு வந்த பின் அடுத்தவருக்கு எழுதப் பத்து நாள் என்றுதான் மாதங்கள் கரைகின்றன. மூன்று மாதம் கடந்திருந்தால் பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் தவறில்லை. வாரந்தோறும் எழுதினால் உங்கள் கட்டுரைக்கு அவர்கள் செலவிட வேண்டிய நேரத்தைத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

தாமதத்தில் ஒரு பகுதியைக் கட்டுரையாளர்களும் உண்டாக்குகிறோம். இதழின் வடிவ விதிகளைப் பார்க்காமல் அனுப்பிய கட்டுரை சரிபார்ப்பிலேயே ஒருமுறை திரும்பி வந்து மீண்டும் வரிசையில் நிற்கிறது. மதிப்பீட்டாளர் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் நண்பர்களின் பெயர்களைத் தருகிறோம். இதைவிடக் கேடானதும் நடந்திருக்கிறது. 2014-இல் அதிர்வியல் துறையைச் சேர்ந்த ஓர் இதழ், பொய்யான மதிப்பீட்டாளர் கணக்குகளைத் தொடங்கித் தம் கட்டுரைகளுக்குத் தாமே கருத்துரை எழுதிக்கொண்ட கூட்டம் ஒன்றைக் கண்டறிந்து, ஒரே நேரத்தில் 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அன்றுமுதல் பரிந்துரைக்கப்படும் ஒவ்வொரு முகவரியையும், அது உண்மையில் அந்தப் பேராசிரியருடையதுதானா என்று பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடி உறுதிசெய்வது இதழ் அலுவலகங்களின் வேலையாகிவிட்டது. சிலர் செய்த மோசடிக்கு உங்களைப் போன்ற நேர்மையான மாணவர்கள் காத்திருக்கும் நாட்களால் விலை கொடுக்கிறீர்கள்.

பட்டத்துக்காக அஞ்சுகிறீர்கள் என்றால், 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) விதிகள் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் விதி வைத்திருக்கிறதா என்பதை மட்டும் நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டாளர்களுக்குச் சன்மானம் கொடுத்துவிட்டால் இந்தத் தாமதமெல்லாம் தீராதா? தொடக்கத்திலிருந்தே இது ஊதியமில்லாத வேலைதானா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொன்னமராவதி

பதில்: இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-இல் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கிய இதழ்தான் இத்துறைக்கு முன்னோடி. கடிதம் எழுதுவதும் வாங்குவதும் மொழிபெயர்ப்பதும் அவர் தலையிலேயே விழுந்தன. 1752-இல்தான் அச்சங்கம் இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எழுத்து வடிவில் மதிப்பீட்டுரை கேட்டுப் பெறும் வழக்கம் 1830-களில் வந்தது. இன்று நாம் எல்லா இதழ்களுக்கும் உரியதாக எண்ணும் முறை அவ்வளவு பழையதும் அன்று. 'நேச்சர்' இதழே 1973-இல்தான் வெளி மதிப்பீட்டை முறையான விதியாக்கியது.

மதிப்பீட்டாளர் தரும் உழைப்பு சிறியதன்று. 2020-இல் மட்டும் உலகெங்கும் அவர்கள் செலவிட்டது 10 கோடி மணி நேரத்துக்கு மேல், அதாவது இரவும் பகலும் சேர்த்து எண்ணினால் 15,000 ஆண்டுகளுக்கு மேல், என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் நேரத்துக்கு மட்டும் 150 கோடி டாலருக்கு மேல் விலை வைத்தது. பெரும் இலாபம் ஈட்டும் பதிப்பகங்கள் இவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன்.

ஆனால் நம் கல்லூரி இதழ்களுக்கு அது பொருந்தாது. ஒருவருக்கு 500 ரூபாய் அனுப்ப வேண்டுமானால், அவருடைய வங்கி விவரமும் பான் எண்ணும் வாங்கி, ரசீது எழுதி, முதல்வரிடமும் செயலரிடமும் ஒப்பம் பெற்று, தணிக்கைக்கு வைத்திருக்க வேண்டும். அந்த 500 ரூபாயைக் கொடுத்து முடிப்பதற்குள் உதவியாளரின் நேரம் அதற்கு ஈடாகப் போய்விடும். எனவே கையில் இருக்கும் பணத்தை முதலில் அந்த உதவியாளருக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து. மதிப்பீட்டாளருக்கு நம் வீட்டு மொய்ப்பண ஏட்டின் முறையே தக்கது. நமக்கு இருவர் கருத்துரை எழுதித் தந்திருந்தால் நாமும் இரண்டு எழுதித் தர வேண்டும். யார் எழுதினார், யாருக்கு இன்னும் நாம் செய்யவில்லை என்று ஒரு குறிப்பேடு இருந்தால், அடுத்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும்.

கேள்வி: தமிழாய்வு இதழ் ஒன்றை நடத்த விரும்புகிறேன். அறிவியல் இதழ்களைவிட இதில் நிர்வாகச் சுமை குறைவாகத்தானே இருக்கும்?
– தமிழ்ப் பேராசிரியர், கோட்டையூர்

பதில்: கூடுதலாக இருக்கும். எழுத்துருவிலிருந்து தொடங்குகிறேன். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், பாமினி, வானவில் என்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இன்றும் வருகின்றன. ஒப்புமை காணும் மென்பொருளுக்கு அந்த எழுத்துரு தெரியாது. அது ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த ஏதோவொன்றைப் படித்துவிட்டு, ஒப்புமை பூச்சியம் என்று நற்சான்று தந்துவிடும். ஒரு நூலின் முழு இயலையும் அப்படியே எடுத்தெழுதிய கட்டுரை ஒன்று இவ்வாறு தேறி வந்ததை நானே கையில் பிடித்திருக்கிறேன். ஆகவே முதலில் எழுத்துரு மாற்றம் செய்ய வேண்டும். மாற்றிய பின் ரகரத்துக்கும் காலுக்கும், ளகரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் இடையே நேர்ந்த குழப்பங்களை ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். 10 விழுக்காடு வரை ஒப்புமை இருக்கலாம் என்ற 2018-ஆம் ஆண்டு யூ.ஜி.சி. விதியைத் தமிழ்க் கட்டுரைக்குப் பொருத்துவதற்கே இத்தனை வேலை இருக்கிறது. உரையும் பாடலும் மேற்கோளாக நிறைந்த கட்டுரையில் அந்த எண்ணிக்கை தானாகவே ஏறுவதையும் ஆராய வேண்டும்.

பெயரை மறைப்பதும் எளிதன்று. முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் போதாது. "என் முந்தைய நூலில் நிறுவியவாறு" என்று உள்ளே ஒரு வரி இருக்கும், கோப்பின் பண்புகளில் பெயர் ஒளிந்திருக்கும். சங்க இலக்கியத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் பற்றி எழுதுவோர் சிலரே என்பதால், நடையைக் கொண்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சிலருக்குள் ஆசிரிய மாணவ உறவும் பழைய மனத்தாங்கலும் இருக்கும். இவற்றை அறிந்து, யாருக்கு எதை அனுப்பக் கூடாது என்று தெரிந்தவர் ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அந்த அறிவை எந்த மென்பொருளும் தராது.

மேற்கோள் சரிபார்ப்பில் இன்னொரு கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பொன்றின் பக்க எண்ணை உறுதிசெய்ய வேண்டுமானால் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் ஊர்க்காரரான ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கு எழுதிக் கேட்டும் நேரில் போய்ப் பார்த்தும் நாங்கள் தீர்த்துக்கொண்ட ஐயங்கள் பல. அந்தப் பயணச் செலவைக் கேட்டால் கணக்குப் பிரிவில், இது எந்தத் தலைப்பில் வரும் என்று திருப்பிக் கேட்பார்கள். தொடங்குவதற்கு முன்பே ஒரு தலைப்பை உண்டாக்கிவிடுங்கள்.

கேள்வி: மூன்று நாளில் மதிப்பீடு முடித்து வெளியிடுவதாக ஓர் இதழ் என் மகளுக்கு எழுதியிருக்கிறது. பணம் கட்டலாமா?
– ஒரு தந்தை, திருப்பத்தூர்

பதில்: கட்டாதீர்கள். மேலே சொன்ன வேலைகளெல்லாம் மூன்று நாளில் நடந்து முடிய வழியில்லை. ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய யூ.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதிலிருந்து, நல்ல இதழ் எது என்று ஆராயும் பொறுப்பு அந்தந்தக் கல்வி நிறுவனத்துக்கும் ஆய்வாளருக்கும் வந்திருக்கிறது. பெயர்பெற்ற பதிப்பகமும் இதில் தவறியதுண்டு: வைலி நிறுவனம் 2021-இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கிய ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சரிபார்ப்பில் விட்டதைப் பின்னர் அந்த அளவுக்குத் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம், ஆய்விதழுக்கென்று ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க முன்வந்திருக்கிறது. விழா ஒன்றுக்கும் கணினிகளுக்கும் செலவிடலாம் என்கிறார்கள். அந்த இதழின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துவருபவள் நான். என் பெயர் இதழில் எங்கும் இல்லை, என் பதவியும் "நூலக உதவியாளர்" என்றே இருக்கிறது. என்ன கருதுகிறீர்கள்?
– பள்ளத்தூரிலிருந்து ஒருவர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். எனக்குத் தெரிந்த ஓர் இதழில் உங்களைப் போன்ற ஒருவர் ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் ஆளைப் போடவில்லை. ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஓராண்டில் 30-க்கு மேற்பட்ட கட்டுரைகள் எவரிடமும் போகாமல் கிடந்தன, மறு ஆண்டு இதழே நின்றுபோயிற்று. ஆசிரியர் குழுவில் அப்போதும் பதினான்கு பேர் இருந்தார்கள்.

விழாவுக்குச் செலவிட வேண்டாம் என்பதே சங்கத்துக்கு என் வேண்டுகோள். கொடை தெரிந்த மண் இது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததை இங்கே பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் நம் முன்னோர் கட்டடத்துக்குக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. கோயில் கட்டளை ஏற்படுத்தும்போது விளக்கெண்ணெய்க்கு எவ்வளவு, பூக்கட்டுபவருக்கு எவ்வளவு என்று அன்றாடச் செலவுக்கும் வழிசெய்து வைத்தார்கள். காசியில் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் சந்நிதிக்கு நாள்தோறும் 'சம்போ' என்னும் பூசைப் பொருள்களை எடுத்துச் செல்வது நில்லாமல் நடந்துவருவதும் அப்படிப்பட்ட ஏற்பாட்டினால்தான். ஐந்து லட்சத்தை வைப்புநிதியாகப் போட்டு 7 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். முதல் பதிலில் போட்ட கணக்கில் அது உதவியாளர் செலவின் ஏறத்தாழப் பாதி. மீதியைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்று கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இதழின் உள்ளட்டையில் "மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர்" என்று உங்கள் பெயரைப் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்லுங்கள்; அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நாளையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப்புத்தகத்தில் நாள், கட்டுரை எண், செய்த வேலை, ஆன நிமிடம் ஆகிய நான்கையும் மட்டும் எழுதி வாருங்கள். தொலைபேசியில் பேசிய ஐந்து நிமிடத்தையும் விட வேண்டாம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, நூலக வேலைக்குப் போன நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதன் படி ஒன்றைச் சங்கத்தாரிடமும் முதல்வரிடமும் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கல்லூரிப் பெயர் தெரியாதபடி எனக்கு அனுப்பிவையுங்கள். என் 550 மணி நேரக் கணக்கில் எங்கே குறைத்து எழுதியிருக்கிறேன் என்று பார்த்துத் திருத்தி, இதே பகுதியில் வெளியிடுகிறேன்.